நவம்பர் நல்ல மாதம்

பெப்ரவரி 9, ஞாயிறு

மத்தியானம் மீன்குழம்பு அடுப்பில் இருக்கும்போது கனடாவிலிருந்து அண்ணன் போன் எடுத்தார். இருபத்திரண்டு வருடத்துக்குப் பிறகு. யாரோ விளம்பரக்காரர் என்று நினைத்து முதலில் வெட்டிவிட்டேன். மறுபடியும் அடித்தது.

"தவம்? நான் அண்ணை கதைக்கிறன்."

குரல் அப்பாவின் குரலாகிவிட்டது. சுகம் கேட்டார். நானும் கேட்டேன். அங்கே மழையோ என்றார். ஓம் என்றேன். இங்கே பனி என்றார். குழம்பு அடிப்பிடிக்கத் தொடங்கியது. வைக்கப்போகிறார் என்று பார்த்தால் ஒரு கேள்வி கேட்டார்:

"உங்கட சிசிலிக்கு வாறதெண்டா எந்த மாதம் நல்லம்?"

யோசித்துச் சொல்கிறேன் என்று வைத்துவிட்டேன். குழம்பை யாரும் சாப்பிடவில்லை.

யோசிக்க என்ன இருக்கிறது? 2003இல் ஏஜென்சிக்காரனோடு கனடாவுக்கு வெளிக்கிட்டவள் நான். அங்கே அண்ணன் மாப்பிள்ளை பார்த்து வைத்திருந்தார். ஏஜென்சிக்காரன் இங்கே பலேர்மோவில் என்னை ஒரு அறையில் விட்டுவிட்டு மறைந்தான். நாலு மாதம் அந்த அறையில் எனக்குச் சோறு கொண்டுவந்து தந்தவர் ஞானசீலன். அவரையே கட்டினேன். "இனி எனக்குத் தங்கச்சி இல்லை" என்று அண்ணன் போனை வைத்தார். அம்மா செத்த செய்தியைக்கூட அயல்வீட்டு ஆள்தான் எனக்குச் சொன்னது.

அப்படிப்பட்டவருக்கு இப்போது சிசிலி பார்க்க ஆசையாம். ஊரில் அப்பா விட்டுப்போன கரவெட்டி வீடு எங்கள் இரண்டு பேருடைய பெயரிலும் இருக்கிறது. என் கையெழுத்து இல்லாமல் அதை ஒன்றும் செய்ய முடியாது. எனக்கு வேறு ஒரு காரணமும் தெரியவில்லை.

பெப்ரவரி 10, திங்கள்

இவரிடம் சொன்னேன். வேலைக்கு வெளிக்கிட்டுக்கொண்டு நின்றவர், சப்பாத்தைக் கையில் வைத்தபடி சிரித்தார். துறைமுகத்தடியில் ஒரு சாப்பாட்டுக் கடையில் மீன் வெட்டுகிற மனுசன். உலகத்தில் எல்லாரும் மீன் சாப்பிடத்தான் வருகிறார்கள் என்று நினைப்பவர். அண்ணனுக்கு நான் தவம், இவருக்கு மலர்.

"மலர், நேர கேளன். ஏன் வாறியள் எண்டு."

"வீட்டுக்கு வாறன் எண்டு சொல்லுற ஆளை ஏன் வாறியள் எண்டு கேக்கிறதோ? உங்கட வீட்டில அப்பிடியோ பழக்கினது?"

"அப்ப கேக்காமல் இருந்து யோசி. உனக்கு அதுதானே பிடிச்ச வேலை."

அப்பா இருந்த காலத்தில் எங்கள் வீட்டில் இரண்டு கேள்வி இல்லை. வந்தவரிடம் ஏன் வந்தனீங்கள் என்று கேட்கக் கூடாது. எப்ப போறியள் என்றும் கேட்கக் கூடாது. தேத்தண்ணி கொடுத்துவிட்டு, அவர் வாயால் வரும்வரை வேலிக்கதை, பயிர்க்கதை என்று கதைத்துக்கொண்டிருக்க வேண்டும். அண்ணனும் அந்த வீட்டில்தான் வளர்ந்தவர். அது அவருக்கு வசதியாகப் போய்விட்டது.

பெப்ரவரி 24, திங்கள்

இரண்டாம் மாடி அறையில் இருந்த ஜெர்மன்காரர் போய்விட்டார்கள். ஒரு கரண்டி குறைகிறது. முதலாளி சிஞ்ஞோறா கார்மேலாவிடம் சொன்னேன். அவளுக்கு மூன்று அறைவீடுகள், எல்லாம் உல்லாசப் பயணிகளுக்கு. பத்து வருடமாக நான்தான் துடைத்துக் கழுவி விரிப்பு மாற்றுகிறேன். "விடு, கரண்டிதானே" என்கிறாள். இன்றைக்குக் கரண்டி, நாளைக்கு என்ன?

எந்த மாதம் நல்லம் என்று என்னைக் கேட்டால் விரிப்பைப் பார்த்துச் சொல்வேன். ஏப்ரலில் வருகிறவர்களின் விரிப்பு துப்புரவு. நடந்து களைத்து நேரத்தோடு படுக்கிற சனம். ஜூனில் கொஞ்சம் கடற்கரை மணல், கொஞ்சம் தோடம்பழத் தோல். ஜூலையில் வியர்வை. ஓகஸ்டில் ஒரு வாளி மணலும் சண்டையும். ஒக்டோபரில் வயதுபோன சோடிகள், தலையணையில் வலித்தைல மணம். நவம்பரில் விரிப்பு மாற்றவே தேவையில்லை. ஒருத்தரும் வருவதில்லை.

மார்ச் 9, ஞாயிறு

அண்ணன் மறுபடி எடுத்தார். இந்தமுறை கேள்வி வேறு.

"அங்க எந்த மாதத்தில வெளிச்சம் கூட?"

யோசிக்காமல் உண்மையைச் சொல்லிவிட்டேன். "ஜூன்தான் அண்ணை. எட்டரை மட்டும் பகல் மாதிரி இருக்கும்."

"அப்ப ஜூன் வாறம்."

அவ்வளவு கெதியில் ஒரு மனுசன் மாதம் முடிவெடுப்பாரோ? விலை கேட்கவில்லை, வெக்கை எப்படி என்று கேட்கவில்லை. எங்கோ ஒரு தவணை நெருங்குகிறது போல. உடனே பின்வாங்கினேன். ஜூனில் மூன்று அறையும் நிரம்பி வழியும், எனக்கு ஒரு நாளும் லீவு இல்லை, நீங்கள் வந்து சுவரைத்தான் பார்க்க வேண்டும் என்றேன்.

"சரி. நீயே சொல்லு, எது நல்லமெண்டு."

லீவு கேட்டால் சிஞ்ஞோறா தருவாள். அது வேறு விசயம்.

மார்ச் 22, சனி

மாதத்துக்கு மாதம் காற்று, மழை, சனம், கடல் என்று ஒரு பெரிய கடிதம் மாதிரி வட்ஸ்அப்பில் எழுதி அனுப்பினேன். ஒவ்வொரு மாதத்துக்கும் ஒரு குறை கண்டுபிடித்து வைத்திருந்தேன். அரை மணித்தியாலத்தில் குரல்பதிவு வந்தது: "எழுதாதை, தங்கச்சி. கதைச்சு அனுப்பு."

அவரும் இதுவரைக்கும் ஒரு எழுத்து எனக்கு எழுதவில்லை. எல்லாம் குரல்தான். எழுத்தில் ஒன்றும் இருக்கக் கூடாது என்று யாரோ சொல்லிக் கொடுத்திருக்கிறார்கள். நாளைக்கு வழக்கு என்று வந்தால் காட்டுவதற்கு ஒரு துண்டு இருக்காது. நான் எழுதியதை அழிக்காமல் வைத்திருக்கிறேன்.

இவரிடம் சொன்னேன். "நீ பொலிசில சேர்ந்திருக்க வேணும்" என்றார்.

ஏப்ரல் 6, ஞாயிறு

படம் கேட்கிறார். என்னுடைய படம். "முகம் பெரிசாத் தெரியிற மாதிரி, பகல் வெளிச்சத்தில நிண்டு எடு."

அடையாள அட்டைக்குத்தான் அப்படிக் கேட்பார்கள். பெரிதாக, நேராக, நிழல் விழாமல். ஊரில் யாரோ ஒருத்தியை என் பெயரில் கொண்டுபோய் நிறுத்தப் போகிறார்களோ தெரியாது. அப்படி நடந்த கதைகள் எத்தனை கேட்டிருக்கிறேன்.

முற்றத்து எலுமிச்சையைப் படம் எடுத்து அனுப்பினேன். நல்லாக் காய்ச்சிருக்கு என்று ஒரு பதிவு வந்தது. ஆனால் மரத்தில் காய் இல்லை. பூ மட்டும்தான். படத்தைப் பார்க்காமலே பதில் சொல்கிற மனுசனுக்கு என் முகம் எதற்கு?

ஏப்ரல் 27, ஞாயிறு

"உங்கட வீட்டுக்கு எத்தினை படி?"

லிப்ட் இருக்கிறதோ என்று நேராகக் கேட்கக் கூச்சமாக்கும். எங்களுடைய வசதியை அளக்கிறார். வறுமைப்பட்டவள் என்று தெரிந்தால் கையெழுத்து வாங்குவது லேசு. தெரியாது என்றேன். வைத்த பிறகு இறங்கிப் போய் எண்ணினேன். அறுபத்துநாலு. அதில் மூன்று உடைந்தது. கைபிடிக் கம்பி இரண்டாம் மாடியோடு முடிகிறது. இருபது வருடமாக ஏறி இறங்குகிறேன், கம்பி முடிவதை இன்றைக்குத்தான் கவனித்தேன்.

மே 18, ஞாயிறு

இன்று வெப்பம் இருபத்துநாலு பாகை. கடல் கண்ணாடி. காலை வேலை முடிந்து வந்து யன்னலைத் திறந்து வைத்துக்கொண்டு கத்தரிக்காய் பொரித்தேன்.

அண்ணன் எடுத்தார். "ஜூன் கடைசிக் கிழமை எண்டாலும் பரவாயில்லை, தவம். நாலு நாள் காணும்."

ஆபிரிக்காப் பக்கமிருந்து சிறொக்கோ என்று ஒரு சுடுகாற்று அடிக்கிறது, ஊர் முழுக்கத் தூசி, ஒன்றுமே கண்ணுக்குத் தெரியவில்லை என்றேன். வாய் கூசவில்லை. அவர் கேட்டார்: "ஒண்டுமே தெரியேல்லையோ?" அதை ஏன் அப்படிக் கேட்டார் என்று இன்னும் யோசிக்கிறேன். பயந்த குரலில் கேட்டார். தூசிக்கு யாராவது பயப்படுவார்களோ?

"சரி, பிறகு பாப்பம்" என்று வைத்தார்.

ஜூன் 21, சனி

எட்டரை மணிவரைக்கும் வெளிச்சம் இருந்தது. அண்ணன் எடுக்கவில்லை.

ஜூலை 14, திங்கள்

ஊர்க்காவல் புனிதை சாந்தா றொசாலியாவின் திருவிழா. வீதி முழுக்கச் சனம், வேட்டு, தேர். எங்கள் ஆட்கள் பட்டுச்சேலையோடு நிற்கிறார்கள். சைவக்காரரோ வேதக்காரரோ, இந்த ஊரில் இருக்கிற தமிழருக்கு அவள் ஒரு அம்மன்தான். நானும் ஒரு மெழுகுதிரி கொளுத்தினேன், வழக்கமான நேர்த்தி. அண்ணனைப் பற்றி ஒன்றும் கேட்கவில்லை.

பின்னேரம் போன். முதலில் ஒரு பெண்பிள்ளை "ஹலோ மாமி" என்றாள். அண்ணனின் மகளாம், சாருகா. நான் பார்த்ததே இல்லை. நம்பரை அவள் அழுத்திக் கொடுத்தாள், பிறகு அவர் கதைத்தார். சத்தம் எதிரொலித்தது. போனைப் பெரிய சத்தத்தில் மேசையில் வைத்திருக்கிறார்கள். பக்கத்தில் வேறு யார் இருந்து கேட்டார்களோ. லோயராகக்கூட இருக்கலாம். அளந்து அளந்து கதைத்தேன்.

"செப்டெம்பர் எப்பிடி?"

செப்டெம்பரிலும் சனம் என்றேன்.

இவர் திருவிழாக் கடலையைக் கொறித்தபடி கேட்டுக்கொண்டிருந்தார். எனக்குக் கோபம் வரும் என்று தெரிந்தும் சொன்னார்: "மலர், அந்த மனுசன் கெஞ்சுது." நான் எழும்பிக் குசினிக்குள் போய்விட்டேன்.

ஓகஸ்ட் 15, வெள்ளி

ஊரே பூட்டிக் கிடக்கிறது. எல்லாரும் கடற்கரையில். மூன்று அறையும் நிறைந்து, ஒரு அறையில் தண்ணீர்க் குழாய் உடைந்து, திருத்துகிறவனும் கடற்கரையில்.

சிஞ்ஞோறா அறைகளில் மாட்டி வைத்திருக்கிற தாளை, குழாய்க்காரனுக்குக் காத்திருந்த நேரத்தில் ஒழுங்காக வாசித்தேன். எந்த மாதத்தில் என்ன பார்க்கலாம் என்று போட்டிருக்கிறது. நவம்பருக்கு மட்டும் ஒரு வரிதான்: மழை, ஐந்து மணிக்கே இருட்டு, சின்னத் தீவுகளுக்குப் படகு குறைவு. அதற்குக் கீழே சிஞ்ஞோறா தன் கையால் "விலைக்கழிவு" என்று எழுதியிருக்கிறாள்.

நவம்பரில் வருகிற ஆள் இரண்டு நாளில் ஓடிவிடுவார். குடையோடு வந்து, இருட்டில் இருந்து, கையெழுத்துக் காகிதத்தை எடுப்பதற்கு முன்னமே குளிரில் விறைத்துப் போவார். எனக்கும் வேலை இராது. பக்கத்தில் இருந்து கவனிக்கலாம்.

குரல்பதிவு அனுப்பினேன். "அண்ணை, விசாரிச்சுப் பாத்தன். நவம்பர் நல்ல மாதம்."



ஓகஸ்ட் 18, திங்கள்

மூன்று நாளுக்குப் பிறகு பதில், "நீ சொன்னா சரி" என்று வந்திருக்கிறது. குரல் நோயாளியின் குரல் மாதிரி. சளித் தடிமனாக்கும்.

ஒக்டோபர் 12, ஞாயிறு

டிக்கெட் போட்டாயிற்று. பதினாலாம் திகதி வந்து இருபத்தோராம் திகதி போகிறார்கள். மகளும் வருகிறாள். உறுதிப் பத்திரம் எழுதுவதற்குச் சாட்சி வேண்டும் என்பது எனக்குத் தெரியாததல்ல.

முன் அறைச் சுவருக்கு வெள்ளை அடித்தோம். இவர் தானாகவே இரண்டாம் மாடியிலிருந்து மேலே ஒரு கயிறு கட்டினார், பிடித்து ஏறுவதற்கு. "வயது போன மனுசன்தானே" என்றார். ஐம்பத்தெட்டு ஒரு வயதோ? நல்ல மல்லி, மிளகாய் எல்லாம் வாங்கித் தூள் இடித்தேன். அண்ணனுக்குத் தூளில் பெருஞ்சீரகம் கூடினால் பிடிக்காது. அது நினைவில் இருக்கிறதே என்று எனக்கே எரிச்சலாக வந்தது.

கண்ணாடியில் முகம் பார்த்தேன். அவர் கனடாவுக்கு வெளிக்கிட்டபோது எனக்குப் பத்தொன்பது. இப்போது ஐம்பது. படம் அனுப்பாததும் நல்லதுக்குத்தான்.

நவம்பர் 14, வெள்ளி

எழுதக் கை வரவில்லை. ஆனாலும் எழுதி வைக்கிறேன்.

விமான நிலையத்தில் கதவு திறந்து சனம் வந்தது. மகளின் தோளில் கைபோட்டபடி ஒரு மெலிந்த மனுசன் வந்தார். கறுப்புக் கண்ணாடி. நான் முன்னுக்கு வந்து நின்றேன். இடையில் இரண்டு முழம்கூட இல்லை. என்னைத் தாண்டிப் பின்னால் பார்த்தார். இவ்வளவு தூரம் வந்தும் முகம் கொடுக்கிறாரில்லை, இன்னும் அந்தப் பழைய திமிர் போகவில்லை என்று எனக்கு இரத்தம் கொதித்தது. வாங்கோ என்று நான் சொல்லவில்லை.

அப்போது அவர் மகளிடம் கேட்டார்: "தவம் வந்திட்டாளோ? எங்க நிக்கிறாள்?"

"உங்களுக்கு முன்னாலதான் அப்பா."

அவர் கையை நீட்டினார். அது என் தோளுக்குப் பக்கத்தால் போனது. இவர்தான் பாய்ந்து வந்து அந்தக் கையைப் பிடித்தார். "மச்சான், நான் சீலன்" என்றார். இருபத்திரண்டு வருடம் தன் பேரைச் சொல்லாத மனுசனின் கையை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு நின்றார். நான் பெட்டியைத் தள்ளிக்கொண்டு நடந்தேன். வெளியே மழை.

நவம்பர் 15, சனி

மத்தியானச் சாப்பாட்டுக்குப் பிறகு அண்ணன் படுத்துவிட்டார். சாருகா குசினிக்கு வந்து கோப்பை துடைத்தாள். இருபத்தாறு வயது, வங்கியில் வேலை, நல்ல பிள்ளை. நான் கேட்காமலே சொன்னாள். கனடாவில் வளர்ந்த பிள்ளைக்கு எங்கள் வீட்டு வழக்கம் தெரியாது. நல்லகாலம்.

"அப்பாக்குச் சீனி வருத்தம் மாமி. கன வருசம். ஒரு கண் போன வருசமே போட்டுது. மற்றக் கண்ணில நடுவில மட்டும் கொஞ்சம் தெரிஞ்சது. கோடை முடியுமட்டும்தான் பார்வை நிக்கும் எண்டு டொக்டர் சொன்னவர். அதுதான் ஜூன், ஜூன் எண்டு நிண்டவர்."

"பிறகு?"

"ஓகஸ்ட் பதினாறு அந்தக் கண்ணிலயும் பிளீடிங். இப்ப வெளிச்சம், இருட்டு, அவ்வளவுதான்."

ஓகஸ்ட் பதினைந்தில் நான் நவம்பர் என்று சொன்னேன். பதினெட்டில் அவர் சரி என்றார். தடிமன் என்று இந்தக் கொப்பியில் எழுதி வைத்திருக்கிறேன்.

எழுத்து வாசிக்க முடியாதவர் எழுதாதை என்றார். இருக்கிற கொஞ்ச வெளிச்சத்துக்கு முகம் பெரிதாக வேண்டும் என்றார். நம்பர் அழுத்த மகள் வேண்டும். படி எத்தனை என்று தெரிய வேண்டும். பத்து மாதமாகத் துப்புத் துலக்கினேன், எல்லாத் துப்பும் கையில் இருந்தது.

"ஏன் பிள்ளை எனக்குச் சொல்லேல்லை?"

"சொன்னா நீங்க பாவம் எண்டு கூப்பிடுவீங்களாம். உங்களுக்கா மனசு வந்து வாங்கோ எண்டு சொல்லவேணுமாம்." கோப்பையை அடுக்கினாள். "நான் நெட்டில பாத்தனான் மாமி. நவம்பர்தான் வேர்ஸ்ட் எண்டு போட்டிருந்தது. அப்பாட்டச் சொன்னன். அங்க இருக்கிறவளுக்குத் தெரியாததோ எண்டிட்டார்."

பின்னேரம் தேத்தண்ணி கொடுத்தபோது கோப்பையை அவர் கையில் வைத்து விரல்களை மூடிவிட்டேன். என்னைப் போல ஒரு பாவி உலகத்தில் இல்லை.

நவம்பர் 17, திங்கள்

நான் சந்தேகப்பட்டது சரிதான். காகிதம் இருந்தது.

காலமை அண்ணன் பெட்டியிலிருந்து ஒரு கடித உறையைத் தடவி எடுத்தார். கரவெட்டி வீட்டை விற்பதற்கான உறுதி. யாழ்ப்பாணத்திலிருந்து லோயர் அனுப்பியது. முழுவதும் தமிழில். சந்தோசப்பட்டிருக்க வேண்டும், நான் சொன்னேனே என்று இவரைப் பார்த்திருக்க வேண்டும். ஒன்றும் வரவில்லை.

"உந்த லோயரில எனக்கு நம்பிக்கை இல்லை" என்றார் அண்ணன். "பிள்ளைக்குத் தமிழ் வாசிக்கத் தெரியாது. மனுசியும் போட்டா. ரொறன்ரோவில ஆரிட்டயும் குடுத்து வாசிக்கச் சொன்னா ஊரெல்லாம் கதை. நீ வாசி. நீ வாசிச்சா நம்புவன்."

அண்ணி செத்ததுகூட எனக்குத் தெரியாது. நாங்கள் அப்படித்தான் இருந்திருக்கிறோம்.

எட்டுப் பக்கம். வடக்கே வேலி, கிழக்கே ஒழுங்கை, கிணற்றில் பாதிப் பங்கு என்று ஒரு சொல்லும் விடாமல் வாசித்தேன். நான் எதை வாசித்தாலும் அவர் கையெழுத்து வைப்பார். என் பங்கை இரண்டு மடங்காக்கி வாசித்தாலும் தலையாட்டுவார். யாரையும் நம்பாத என்னை ஒரு ஆள் இப்படி நம்பிக்கொண்டு இருக்கிறார் என்பது தாங்க முடியாததாக இருந்தது. இரண்டு தரம் எழும்பினேன். தண்ணி குடித்துவிட்டு வாசித்தேன்.

"கையெழுத்து வைக்கிறதும் விடுறதும் உன்ர விருப்பம்" என்றார். "காகிதத்தைத் தபாலிலயும் அனுப்பியிருப்பன், தவம்."

ஏன் வந்தனீங்கள் என்று நான் கேட்காத கேள்விக்கு அதுதான் பதில்.

நான் கையெழுத்து வைத்தேன். சாருகா பக்கத்தைப் பிடித்தாள். அண்ணனின் சுட்டுவிரலைக் கோட்டின் தொடக்கத்தில் வைத்து, அதிலிருந்து எழுதுங்கோ என்றேன். கனகேந்திரன் என்று கொஞ்சம் மேலே ஏறிப் போன கையெழுத்து.

நவம்பர் 19, புதன்

றொசாலியாவின் மலைக்குப் போனோம். இங்கே வருகிற எல்லாரும் போகிற இடம், மலைக்கு மேலே குகைக் கோயில். அதற்கங்கால் ஒரு வளைவில் நின்றால் ஊரும் துறைமுகமும் கடலும் ஒரேயடியாகத் தெரியும். பஸ்ஸில் ஏறும்போதே தூறல். மேலே போகப் போக முகில் இறங்கிப் புகார் மூடி, குகை வாசலில் நிற்கிற சாருகாவைக்கூடக் காணவில்லை.

குகைக்குள் பாறையிலிருந்து தண்ணீர் சொட்டுகிறது. அண்ணன் சத்தத்தை வைத்து நிமிர்ந்து பார்த்தார். கும்பிட்டார். பிறகு அந்த வளைவுக்குக் கூட்டிக்கொண்டு போகச் சொன்னார். வேண்டாம் அண்ணை, ஈரம் என்றேன். கேட்கவில்லை. கம்பியைப் பிடித்துக்கொண்டு கடல் இருக்க வேண்டிய பக்கம் முகத்தைத் திருப்பி நின்றார். ஒரே வெள்ளை. கம்பிக்கு அங்கால் உலகம் இல்லை.

கன நேரம் நின்றுவிட்டுக் கேட்டார்:

"தவம், எனக்குத்தான் தெரியேல்லையோ, எல்லாருக்குமோ?"

"எல்லாருக்கும்தான் அண்ணை. புகார். எனக்கும் ஒண்டும் தெரியேல்லை."

அவர் சிரித்தார். வந்து ஆறு நாளில் முதல்தரம். தோள் குலுங்கச் சிரித்தார். "அப்ப நல்ல மாதம்தான்" என்றார். "எல்லாரும் ஒண்டு."

அந்த இடத்தில் சொல்லிவிட்டேன். நான் வேணுமெண்டு சொன்ன மாதம் அண்ணை, கூடாத மாதமெண்டு தெரிஞ்சுதான் சொன்னனான், காகிதத்துக்கு வாறியள் எண்டு நினைச்சனான் என்று மூக்கு ஒழுக ஒழுகச் சொன்னேன். அவர் முகத்தைத் திருப்பவில்லை.

"எனக்கு மார்ச்சிலயே விளங்கினது. நீ சின்னனிலயும் பொய் சொல்லேக்க கெதியாத்தான் கதைப்பாய்."

"அப்ப ஏன் வந்தனீங்கள்?"

வாயிலிருந்து வந்துவிட்டது. அப்பாவின் வீட்டுக் கேள்வி.

"இருபத்திரண்டு வருசம் நான் கதவைப் பூட்டி வைச்சனான். நீ பத்து மாதம் பூட்டினனி. கணக்குப் பாத்தா நான்தான் கூட." கம்பியைத் தடவி என் கையைக் கண்டுபிடித்தார். "உன்ர முகம் எனக்கிட்ட இருக்கு. நான் வெளிக்கிடேக்க வீட்டுப் படலையில நிண்ட முகம். பத்தொன்பது வயசு. புதுசு பாக்க வந்தன், கிடைக்கேல்லை. பரவாயில்லை, நீயாவது கிழவியாகாமல் இருக்கிறாய்."

கீழே வரும் பஸ்ஸில் இவருக்கும் அவருக்கும் எந்த மீனில் முள் குறைவு என்று பெரிய வாக்குவாதம்.

நவம்பர் 21, வெள்ளி

போய்விட்டார்கள். "போட்டு வாறன்" என்றார் அண்ணன். எப்போது என்று நான் கேட்கவில்லை.

அறுபத்துநாலு படியையும் இறங்கும்போது அவரே எண்ணினார். உடைந்த மூன்றையும் சரியாகச் சொன்னார்.

நவம்பர் 24, திங்கள்

காலையிலிருந்து வெயில். இருபத்திரண்டு பாகை, ஒரு முகில் இல்லை. சிஞ்ஞோறாவின் விரிப்புகள் எல்லாவற்றையும் ஒரேயடியாகத் தோய்த்து மேலே காயப் போட்டேன். மலை அடிமுதல் உச்சிவரை துலக்கமாகத் தெரிந்தது. நாங்கள் நின்ற வளைவும், அந்தக் கம்பியும்கூட. அதற்கங்கால் கடல் கிடந்தது.

அண்ணனின் குரல்பதிவு வந்தது. சுகமாகப் போய்ச் சேர்ந்தாராம். தூள் நல்ல வாசமாம், பெருஞ்சீரகம் அளவாம். கடைசியில் ஒரு கேள்வி: "இண்டைக்கு அங்க என்ன மாதிரி?"

ஈர விரிப்பைக் கொடியில் போட்டுவிட்டுக் கண்ணைக் கூசவைத்த வெயிலில் நின்று பதில் அனுப்பினேன். கெதியாகக் கதைக்காமல், ஆறுதலாக, ஒவ்வொரு சொல்லாக.

"இஞ்ச இன்னும் புகார்தான் அண்ணை. ஒருத்தருக்கும் ஒண்டும் தெரியேல்லை."